லைசென்ஸில் இருந்த அப்பன் பெயர்

பிள்ளைகளா, தகரப் பெட்டியிலிருந்து என் பழைய லைசென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு, தாத்தா பெயர் மட்டும் ஏன் சிவப்பு மையில் இருக்கிறது, அதற்குக் கீழே கோடு போட்டு அடித்திருக்கும் பெயர் யாருடையது என்று கேட்டீர்கள். உங்கள் அம்மா, "பேசாம தின்னுட்டு எந்திரிங்க" என்று வாயை அடைத்துவிட்டாள். நானும் சும்மா இருந்துவிட்டேன். வாயால் சொன்னால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் எழுதி வைக்கிறேன். நான் படித்தது ஊரில் நாலாம் வகுப்புவரை. எழுத்தில் தப்பு இருந்தால் சிரிக்காமல் படியுங்கள்.

அடித்திருக்கும் பெயர் எங்கள் கங்காணியுடையது. லைசென்ஸ் சொன்னபடி பார்த்தால் அவர் என் அப்பா. நிஜத்தில் அவர் என்னைவிட எட்டு வயதுதான் மூத்தவர்.

எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களைக் கப்பல் ஏற்றிக் கூட்டி வந்தவர் அவர். மலாயாவில் கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் இறங்கிய அன்று, ஆபீஸ் வாசலில் எங்களை வரிசையாக நிற்க வைத்தார்கள். கணக்கு எழுதும் கிராணியின் மேசையில் பெரிய பேரேடு. ஒரு கட்டத்தில் ஆளின் பெயர், பக்கத்துக் கட்டத்தில் அப்பன் பெயர். கிராணி எங்கள் பெயரைக் கேட்டார். அப்பன் பெயரைக் கேட்கவே இல்லை. அந்தக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை கங்காணியின் பெயரையே எழுதிக்கொண்டு போனார். ஆள் ஓடிப்போனால் யாரைப் பிடித்துக் கேட்பது என்பதுதான் அவருக்கு வேண்டியது. எங்களைப் பெற்றவர்களைப் பற்றி அவருக்கு என்ன கவலை.

என் முறை வந்தபோது எட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்து, எனக்கு விளங்கவில்லை. ஆனால் எல்லா வரியிலும் ஒரே மாதிரி கோணல் இருந்தது தெரிந்தது. "கிராணியாரே, எங்க அப்பா பேரு..." என்று தொடங்கினேன்.

கங்காணி முதுகில் தட்டினார். "நகரு நகரு. பின்னாடி ஆளு நிக்குது."

நகர்ந்துவிட்டேன். இந்தக் கதையில் என் தப்பு என்று ஒன்று உண்டென்றால் அந்த நகர்வுதான்.

அதே கூட்டத்தில் என் பெயரே உள்ள இன்னொருவன் இருந்தான். சாமி பெயர், ஊருக்கு நாலு பேருக்கு இருக்கும். லயத்து வரிசை வீடுகளில் என்னை 'மேல லயத்தான்' என்றும் அவனைக் 'கீழ லயத்தான்' என்றும் கூப்பிடுவார்கள். நேரில் ஒரு குழப்பமும் இல்லை. பேரேட்டில்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பெயர், ஒரே அப்பன்.

சில வருஷம் பால் வெட்டிவிட்டு இருவருமே தோட்டத்தை விட்டு வந்தோம். வரும்போது ஆபீஸில் ஒரு சீட்டு கொடுத்தார்கள், பேரேட்டைப் பார்த்து எழுதிய சீட்டு. நான் உங்கள் அம்மாவோடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, சீன முதலாளியான தவுக்கே ஒருவரின் லோரியில் மூட்டை தூக்கி, பிறகு அதையே ஓட்டக் கற்றுக்கொண்டேன். கோலாலம்பூரில் லைசென்ஸ் எடுக்கப் போனபோது அந்தச் சீட்டைக் கேட்டார்கள். அதில் இருந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். கீழ லயத்தான் கிள்ளானில் வாடகைக் கார் ஓட்டினான். அவனும் அங்கே அதே சீட்டைத்தான் நீட்டியிருப்பான். அந்தக் காலத்து லைசென்ஸில் முகம் கிடையாது. பெயர், அப்பன் பெயர், ஒரு நம்பர், அவ்வளவுதான்.

ரப்பர் விலை விழுந்த வருஷம். நான் லோரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பத்து தீகா மேட்டில் போலீஸ் மாத்தா-மாத்தா ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். மலாய்க்காரர், நல்ல மனிதர்தான். என் லைசென்ஸை வாங்கிப் பார்த்தார், சட்டைப் பையில் இருந்த ஒரு தாளைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். இறங்கச் சொன்னார்.

தாளில் இருந்தது ரத்தான லைசென்ஸ்காரர்களின் பட்டியல். கீழ லயத்தான் கிள்ளான் பாலத்தருகே ஒரு மாட்டு வண்டியில் மோதியிருக்கிறான். வழக்கு நடந்து அவனுக்கு லைசென்ஸ் ரத்து. அவன் பேராக் பக்கம் போய்விட்டான். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. போலீஸார் சொன்னது இதுதான்: நீயும் அவனும் ஒரே ஆள். கிள்ளானில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று என்று இரண்டு லைசென்ஸ் வைத்திருக்கிறாய். அங்கே ரத்தானதும் இதைக் காட்டி ஓட்டுகிறாய்.

லோரி நின்றுபோனது. தவுக்கே கெட்டவர் இல்லை, ஆனால் சரக்கு காத்திருக்குமா. வழக்கு முடியும்வரை வேறு டிரைவர் என்றும், நான் தோற்றால் அந்த ஆளே நிரந்தரம் என்றும் சொல்லிவிட்டார். லைசென்ஸ் போனால் எனக்குத் தெரிந்த மற்ற தொழில் ஒன்றுதான். மறுபடியும் தோட்டம், மறுபடியும் கத்தி, மறுபடியும் அதே கங்காணி. உங்கள் அண்ணன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். அவனையும் அந்தப் பேரேட்டில் எழுதுவார்கள். இதைத்தான் இரவும் பகலும் நினைத்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத்து வக்கீல் ஒருவர் இருந்தார். வயதானவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு நான் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"இஞ்ச பாரும்," என்றார். "குற்றத்தை ஒப்புக்கொள்ளும். ரத்துக் கடிதம் வந்து சேரேல்லை, ரத்தானது தெரியாது எண்டு சொல்லுவம். சின்னத் தண்டத்தோட விட்டுடுவினம்."

"லைசென்சு, ஐயா?"

"அது போகும். கொஞ்சக் காலம் கழிச்சுத் திருப்பிக் கேக்கலாம்."

"ரத்தானது என்னுது இல்லியே, ஐயா. அடுத்தவன் குத்தத்த நான் எதுக்கு ஒப்புக்கணும்?"

"உம்முடைய லைசென்ஸில உள்ள தகப்பன் பேர் பொய் எண்டு நீரே சொல்லப் போறீர். பொய்ப் பேர் குடுத்து லைசென்ஸ் எடுத்தனி எண்டு அதுக்கு இன்னொரு வழக்குப் போடுவினம். விளங்குதோ?"

"போடட்டும், ஐயா. அந்த வழக்காவது என்னோட வழக்கா இருக்கும்."

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "தலைக்கனம் பிடிச்ச ஆள்," என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

வழக்குச் செய்தி தோட்டத்துக்கும் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்காணியே எங்கள் அறைக்கு வந்தார். கோட்டு, தலைப்பாகை, கையில் குடை. எங்களிடம் இருந்த ஒரே பலகையில் உட்கார்ந்தார். கோர்ட்டுக்கு வந்து உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். சொன்னால் பேரேடே பொய் என்று ஆகும், தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அவரைத்தான் கேட்பார். அது அவருக்கும் தெரியும்.

"எம் பேருல உனக்கு என்னடா கொறைச்சல்?" என்றார். "எத்தன பேரு இந்தப் பேருல சோறு தின்னுருக்கான்."

"கொறைச்சல் ஒண்ணுமில்ல, அண்ணே. எனக்குன்னு ஏற்கெனவே ஒரு அப்பா உண்டு."

"லைசென்சு போனா என்ன. தோட்டத்துல மரம் இருக்கு, கத்தி இருக்கு. நான் இல்லன்னு சொல்லப் போறனா? வா, பழைய லயத்துலயே எடம் தரேன்."

உங்கள் அம்மா உள்ளே அடுப்படியிலிருந்து, அவருக்குக் கேட்கும்படி, தவழும் பிள்ளையிடம் பேசினாள். "தாத்தா வந்துருக்காரு பாருடா. அப்பாவவிட எட்டு வயசு மூத்த தாத்தா. போயிக் கும்புடு."

கங்காணி காப்பி குடிக்காமல் எழுந்து போனார்.

முதல் நாள் கோர்ட்டில் என் பெயரைப் படித்து, இன்னாரின் மகன் என்று கங்காணி பெயரையும் சேர்த்துப் படித்தார்கள். துபாசி, அதாவது நீதிபதி துரை சொல்வதைத் தமிழில் நமக்கும் நாம் சொல்வதை இங்கிலீஷில் துரைக்கும் எடுத்துச் சொல்பவர், "குத்தத்த ஒத்துக்கறியா?" என்று கேட்டார்.

"அப்படி ஒரு ஆளு இங்க இல்ல," என்றேன்.

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் நான் சொன்னதைத் துபாசி எழுத்துப் பிசகாமல் சொல்லிவிட்டார். துரை கொஞ்சம் யோசித்து, குற்றத்தை மறுக்கிறான் என்று எழுதிக்கொண்டு வேறு தேதி போட்டார்.

வக்கீல் தோட்டத்திலிருந்து பேரேட்டைக் கோர்ட்டுக்கு வரவழைத்தார். இரண்டாம் முறை கூடியபோது அதைத் துரையிடம் காட்டினார். ஒரே பக்கத்தில் கங்காணிக்கு இருபதுக்கு மேல் மகன்கள். அதில் பாதிப் பேர் ஒரே வயது. துரை விரலை வைத்துக் கீழே வரை போனார். ஏதோ சொன்னார், வெள்ளைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். துபாசியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இந்த அப்பன் வீட்டுல தொட்டில் எத்தனன்னு துரை கேக்கறாரு," என்றார்.

ஆனால் வழக்கை நடத்திய போலீஸ் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கங்காணி அப்பன் இல்லை என்று வைத்துக்கொள்வோம், அதனால் இவன் அந்த ஆள் இல்லை என்று ஆகுமா என்றார். ஒரே பெயர் இரண்டு வரியில் இருப்பதும் ஆச்சரியம் இல்லையாம். ஆள் ஓடிப்போவான், திரும்பி வருவான், கிராணி மறுபடி எழுதுவார். கிள்ளானில் விபத்தைப் பார்த்த மாத்தா-மாத்தாவை நிறுத்திக் கேட்டார்கள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இவனை மாதிரிதான் இருந்தான்," என்றார். தமிழன் எவனைக் காட்டியிருந்தாலும் அதையே சொல்லியிருப்பார்.

வக்கீல் வெளியே வந்து சொன்னார். "ரெண்டு பேரையும் ரெண்டு ஆளாகத் தெரிஞ்ச ஒரு சாட்சி வேணும்."

தோட்டத்து ஆட்கள் கங்காணிக்குப் பயந்து யாரும் வரவில்லை. மிச்சம் இருந்தது உங்கள் அம்மா. அவள் எனக்குத் தாய்மாமன் முறை வீட்டுப் பெண், என் அப்பாவின் மடியில் உட்கார்ந்து வளர்ந்தவள். லயத்தில் நான்கு வருஷம் இருந்தவள், கீழ லயத்தானும் அவளுக்குத் தெரியும். வக்கீல் அவளிடம் எல்லாம் கேட்டார், அவளும் எல்லாம் சொன்னாள். ஆனால் நாங்கள் மூன்று பேருமே ஒன்றை மறந்துவிட்டோம். மறந்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது, மூச்சு விடுவதை யாராவது நினைத்துப் பார்ப்பார்களா. அவள் என் பெயரைச் சொல்ல மாட்டாள். என் அப்பா பெயரையும் சொல்ல மாட்டாள். கோயிலில் அந்தப் பெயர் உள்ள சாமியைக்கூட 'நம்ம சாமி' என்றுதான் சொல்வாள். வக்கீலிடம் பேசியபோதும் 'இவுக', 'மாமா' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் தமிழர், அது அவர் காதில் வித்தியாசமாகவே படவில்லை.

மூன்றாம் முறை அவள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கல்யாணச் சேலை. லயத்தில் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்றெல்லாம் தெளிவாகச் சொன்னாள். துரைக்கு அவளைப் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு துபாசி கேட்டார். "ரெண்டு பேருக்கும் ஒரே பேருன்னா, நீ எப்படிப் பிரிச்சுச் சொல்லுவேன்னு துரை கேக்கறாரு."

"அப்பன் பேர வச்சுத்தான்."

"சரி. அந்த ஆளோட அப்பன் பேரு என்ன?"

அவள் பட்டென்று சொன்னாள். ஊரையும் சேர்த்துச் சொன்னாள், ஆற்றங்கரை ஊர் ஒன்று.

"இந்த ஆளோட அப்பன் பேரு?"

அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். துபாசி தாழ்ந்த குரலில், "சொல்லும்மா, தப்பில்ல," என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். அவர் சொன்னதை வக்கீல் பிறகு எனக்குச் சொன்னார்: இரண்டு பேரின் அப்பனும் ஒரே பெயர்தான், அதைச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று இவள் விழிக்கிறாள், யாரோ பாதிப் பாடம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

துபாசி எங்கள் வழக்கத்தைத் துரைக்கு எடுத்துச் சொன்னார். இன்ஸ்பெக்டர் தோளைக் குலுக்கினார். வக்கீல் எழுந்து, பெயரை நான் சொல்கிறேன், அவள் தலையாட்டட்டும் என்று கேட்டுப் பார்த்தார். துரை கூடாது என்றுவிட்டார். சாட்சியின் வாயில் சொல்லை வைக்கக் கூடாதாம். எழுதிக் காட்டட்டும் என்றார்கள். அவளுக்கு எழுதத் தெரியாது.

நான் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் வழக்கு கெட்டுவிடும் என்று வக்கீல் முன்பே எச்சரித்திருந்தார். அப்படிச் சொல்லியிருக்காவிட்டால், 'விடு புள்ள, எறங்கி வா, தோட்டத்துக்கே போவோம்' என்று சொல்லியிருப்பேன். என் அப்பா இறந்து கடிதம் வந்தபோது தரையில் உருண்டு அழுதபோதும் 'மாமா, மாமா' என்றுதான் அழுதாள். அவளை இத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் நிறுத்தி இதைக் கேட்கிறார்களே என்று எனக்கு எரிந்தது.

துரை கடிகாரத்தைப் பார்த்தார்.

உங்கள் அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதற்கு முன்னால் செருகுவாளே, அப்படி. என்னைப் பார்த்தாள். அனுமதி கேட்கிற பார்வை இல்லை அது, 'கேட்டுக்கோ' என்கிற பார்வை. பிறகு என் பெயரைச் சொன்னாள். என் அப்பா பெயரைச் சொன்னாள். எங்கள் ஊர்ப் பெயரையும் சொன்னாள். அக்கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற சத்தத்தில் சொன்னாள். கயிற்றை இழுத்து மேலே விசிறியை ஆட்டிக்கொண்டிருந்த ஆள்கூட ஒரு இழுப்பை விட்டுவிட்டான்.

"ஒரு தடவதான் சொல்லுவேன்," என்றாள் துபாசியிடம். "துரை எழுதிக்கிட்டாரான்னு கேளுங்க."

துபாசி கேட்டார். துரை எழுதிக்கொண்டதாகத் தலையாட்டினார்.

"வேற யாரு பேராச்சும் வேணுமா? கங்காணி பேரும் தெரியும். அத எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுவேன்."

இந்தத் தடவை நம் ஆட்களும் சிரித்தார்கள்.

துரை இன்ஸ்பெக்டரிடம் கையை நீட்டி, கீழ லயத்தானின் பழைய வழக்குக் கட்டை வாங்கினார். மேலட்டையில் கங்காணி பெயர்தான் இருந்தது. ஆனால் உள்ளே அவன் விபத்தன்று தன் வாயால் சொன்ன வாக்குமூலம் இருந்தது. உன் அப்பன் யார் என்று கேட்ட இடத்தில் பெற்ற அப்பனின் பெயரைச் சொல்லியிருக்கிறான், ஊரையும் சொல்லியிருக்கிறான். ஒருவரும் அதை அட்டையோடு ஒத்துப் பார்க்கவில்லை. துரை அந்தப் பெயரை மெல்லப் படித்தார். சற்று முன் உங்கள் அம்மா பட்டென்று சொன்ன பெயர், அதே ஆற்றங்கரை ஊர். இந்தக் கட்டை இவள் பார்த்திருக்க முடியுமா என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் எழுந்து, காலையில்தான் கிள்ளானிலிருந்து வந்தது, என் கையை விட்டுப் போகவில்லை என்றார். அந்த வார்த்தையோடு அவர் வழக்கு முடிந்தது. சொந்த மாமனார் பெயராக இருந்தால் அவள் அதைப் பட்டென்று சொல்லியிருக்க மாட்டாள், அது வேறு ஒருவனின் அப்பன் பெயர்தான். அவரும் அதைத் தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்தார்.

என்னை விடுதலை செய்துவிட்டு, ஒரு கேள்வி மட்டும் துரை கேட்டார். லைசென்ஸில் பொய் அப்பன் பெயர் இருந்ததே, அதற்கு என்ன சொல்கிறாய்?

வக்கீல் எழுவதற்குள் நான் சொல்லிவிட்டேன். "நான் சொல்லி எழுதுனது இல்லீங்க. சொல்ல வாயத் தொறந்தேன், நகருன்னாங்க. எழுதுனவங்களக் கூப்பிட்டுக் கேளுங்க. நான் இன்னிக்கு நகர மாட்டேன்."

துபாசி கொஞ்சம் தயங்கித்தான் இதைச் சொன்னார். துரை என்னைப் பார்த்தார், பேரேட்டைப் பார்த்தார். பெயரைத் திருத்திக் கொடுக்க உத்தரவு எழுதினார். லைசென்ஸ் ஆபீஸில் கங்காணி பெயரைக் கோடு போட்டு அடித்து, மேலே தாத்தா பெயரைச் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். புதிதாக வேறு தருகிறேன் என்றார் அங்கிருந்தவர். வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றேன். அடித்ததும் தெரிய வேண்டும்.

வக்கீல் உங்கள் அம்மாவைப் பார்த்துக் கை கூப்பினார். என்னைப் பார்த்து, "நீர் இனிக் கோர்ட் பக்கம் வராதையும்," என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அவள் குழாயடியில் நின்று மூன்று தடவை வாயைக் கொப்பளித்தாள்.

"மாமா கோவிச்சுக்குவாரா?" என்றாள்.

"மாமா இன்னிக்குத்தான் மலாயாவுக்கு வந்து சேந்துருக்காரு," என்றேன்.

அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. என் பெயரையும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்துத் தாளில் அப்பா பெயர் கேட்டால் உங்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிறாளே என்று சிரிக்கிறீர்கள். இனிமேல் சிரிப்பதானால் இதையும் நினைத்துக்கொண்டு சிரியுங்கள்.

இரண்டு நாள் கழித்துத் தவுக்கே லோரியைத் திருப்பிக் கொடுத்தார். கூட வரும் ஆளுக்கு அன்று காய்ச்சல், நான் தனியாகத்தான் போனேன். பத்து தீகா மேட்டில் என்னை நிறுத்திய இடத்திலேயே லோரியை ஓரம் கட்டினேன். எஞ்சினை அணைத்தேன். காலை வேளை, இரண்டு பக்கமும் ரப்பர் மரம், ரோட்டில் ஒருவரும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் உங்கள் அம்மாவை 'புள்ள' என்றும் 'இந்தா' என்றும்தான் கூப்பிட்டிருக்கிறேன். ஸ்டேரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அவள் கோர்ட்டில் சொன்ன அதே சத்தத்தில், அவள் பெயரை ஒரு தடவை சொன்னேன். பிறகு இறங்கி, எஞ்சினைக் கிளப்பச் சுற்றும் கம்பியை எடுத்து முன்பக்கம் போனேன்.